தலைவரை மூடிய பிறகே சமைக்க வேண்டும்

கிள்ளானில் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோற்றுக் கடை நடத்திவந்த ரம்லத்துக்கு முதலில் இடது காது போயிற்று. மறு வருஷம், தனியாக இருக்கப் பிடிக்காததுபோல வலது காதும் போயிற்று. டாக்டர்கள் நரம்புக் கோளாறு என்றார்கள். மாமியார் கண்ணேறு என்றார். ரம்லத் இரண்டு தரப்பையும் கேட்கவில்லை.

கடைக்கு அதனால் பெரிய பாதிப்பு ஒன்றும் வரவில்லை. நாசி லெமாக் வாங்க வருகிறவன் என்ன பெரிதாகக் கேட்டுவிடப் போகிறான்? முட்டை வேண்டும் என்பான், வேண்டாம் என்பான், சம்பல் கூடக் கேட்பான். உதட்டைப் பார்த்தே கட்டிக் கொடுத்துவிடுவாள். உதடு புரியாவிட்டால் கைப்பேசியை நீட்டுவாள், தட்டிக் காட்டுவார்கள். அவள் புருஷன் கௌஸ் செலாயாங் மொத்தச் சந்தையிலிருந்து கிள்ளானுக்குக் காய்கறி லோரி ஓட்டுகிறவன். அவன் பேசினால் மட்டும் அவளுக்கு முழுசாகப் புரியும். கல்யாணமான நாளிலிருந்தே அவன் குறைவாகத்தான் பேசுவான் என்பதும் ஒரு காரணம்.

கடை அதுவரை மாமியார் பேரில் இருந்தது. கிழவி ஓய்வெடுக்க ஆசைப்பட்டதால் உரிமத்தை ரம்லத் பேருக்கு மாற்றப் போனார்கள். அங்கேதான் வினை தொடங்கியது. உணவு கையாள்வோர் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும், அது இல்லாமல் உரிமம் மாறாது, கொஞ்ச நாள் அவகாசம் தருகிறோம், அதற்குள் மாறாவிட்டால் கடையைப் பூட்ட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அது நியாயம்தான். சுத்தமாகச் சமைக்கத் தெரியும் என்பதற்கு ஒரு காகிதம் இருந்தால் நல்லதுதானே என்று ரம்லத்தும் நினைத்தாள். 'தமிழிலேயே சொல்லித் தருகிறார்கள்' என்று யாரோ கைகாட்டிய இடம் மக்கள் மேன்மை அறவாரியம்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது அந்த அறவாரியம். பெயருக்கேற்ப, மக்களை மேன்மைப்படுத்துவதற்காகவே தொடங்கப்பட்டது. இதுவரை மேன்மை அடைந்தவர்களின் படங்களை வரவேற்பறைச் சுவர் முழுக்க மாட்டியிருந்தார்கள். எல்லாப் படத்திலும், 'டத்தோ' பட்டம் வாங்கிய தலைவர் தங்கமணி இருந்தார். சிலவற்றில் அவர் மட்டுமே இருந்தார்.

முன்பெல்லாம் பயிற்சியை மண்டபத்தில் நடத்தினார்கள். டத்தோ மேடையில் நின்று ஸ்லைடு போட்டுப் பேசுவார். முடிந்ததும் கேசரியும் தேநீரும் உண்டு. காலத்தோடு ஒத்துப் போகவேண்டும் என்று ஒரு நாள் தீர்மானம் போட்டு, அந்த ஸ்லைடுகளை அப்படியே வீடியோவாக்கி இணையத்தில் ஏற்றிவிட்டார்கள். கேசரி நின்றது. டத்தோ நிற்கவில்லை. எல்லா வீடியோவிலும் அவரே குரல் கொடுத்தார், ஒரு மூலையில் வட்டத்துக்குள் அவர் முகமும் தெரிந்தது.

ரம்லத் கைப்பேசியை அரிசி டின்மேல் சாய்த்து வைத்து, பக்தியோடு உட்கார்ந்து பார்த்தாள். முதல் ஸ்லைடில் 'கைகள்' என்று இருந்தது. அடுத்ததில் இரண்டு கைகள் கும்பிட்டுக்கொண்டிருந்தன. அதற்கடுத்தது ஒரு மலைமேல் சூரிய உதயம். அதன்பிறகு வந்த ஸ்லைடில் 'ஏன்?' என்று ஒரே ஒரு சொல். அந்த 'ஏன்?' திரையை விட்டு நகரவே இல்லை. மூலையில் டத்தோவின் வாய் அசைந்துகொண்டே இருந்தது. உதட்டைப் படிக்கலாம் என்றால், உதடு இருக்கவேண்டிய இடத்தில் மீசை இருந்தது.

"மச்சான், என்ன சொல்றாருன்னு கேட்டுச் சொல்லு," என்று கௌஸை இழுத்து உட்காரவைத்தாள்.

கௌஸ் கவனமாகக் கேட்டான். "அவரு சின்னப் புள்ளையா டெங்கில் எஸ்டேட்ல இருந்தப்போ, ஒரு முட்டைய நாலு பேரு பங்கு போட்டுச் சாப்பிட்டாங்களாம்."

"அதுக்கும் கைக்கும் என்ன?"

"இன்னும் கைக்கு வரலலா."

டத்தோ கைக்கு வருவதற்குள் கௌஸ் தூங்கிப்போனான். விடியுமுன் எழுந்து லோரி ஓட்டுகிறவன், அவனைக் குறை சொல்ல முடியாது. தவிர, டத்தோவின் குரலில் அப்படி ஒரு மயக்கம் இருந்தது. அறவாரியத்தின் பழைய மாணவர்களும் இதை ஒப்புக்கொள்வார்கள்.

தெரிந்ததை வைத்து எழுதிவிடலாம் என்று ரம்லத் கைப்பேசியிலேயே தேர்வைத் திறந்தாள். பதினைந்து வருஷமாகச் சமைக்கிறவளுக்குக் கோழியை எங்கே வைப்பது என்று தெரியாதா? ஆனால் கோழியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. 'கைகளைக் குறித்து டத்தோ அவர்கள் கூறிய மூன்று உயரிய கொள்கைகள் யாவை?' என்று கேட்டிருந்தது. 'டத்தோ அவர்களின் இளமைக்கால அனுபவம் நமக்கு உணர்த்துவது யாது?' என்று இன்னொன்று. முட்டை என்று போட்டாள். அந்த ஒன்றுக்கு மட்டும் மதிப்பெண் வந்தது. ஆளுக்கு மூன்று வாய்ப்பு. முதல் வாய்ப்பு இப்படிப் போயிற்று.

மறுநாள் ரயிலேறி பிரிக்பீல்ட்ஸ் போனாள். நிகழ்ச்சி மேலாளர் லோகேஸ்வரி கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

"வீடியோல பேசுறத கீழ எழுத்துல போட்டுத் தர முடியுமா மேடம்? எனக்குக் காது கேக்காது."

லோகேஸ்வரி எழுந்து நின்று, கைகளை வாய்க்கு இருபுறமும் வைத்துக்கொண்டு கத்தினாள். கைகள் மறைத்ததால் உதடு தெரியவில்லை. ரம்லத் கையை எடுக்கச் சொன்னாள்.

"எழுத்து இருக்கே அக்கா! ஸ்லைடுல எல்லாம் எழுத்துதானே!"

"'ஏன்?'னு மட்டும் இருக்கு மேடம்."

"அதுதான் அக்கா அதுல மெயின் பாய்ன்ட்."

பிறகு லோகேஸ்வரி கொஞ்சம் இளகி வழிமுறையைச் சொன்னாள். எழுத்து வேண்டுமென்றால் முதலில் 'சிறப்புப் பயனாளர்' என்று பதிய வேண்டும். பதிவதற்குக் காது கேட்கவில்லை என்று உறுதிப்படுத்த வேண்டும். உறுதிப்படுத்துவதற்கு அறவாரியத்தின் சிறப்பு எண்ணுக்குத் தொலைபேசியில் அழைக்க வேண்டும்.

உதட்டைத் தப்பாகப் படித்துவிட்டோமோ என்று ரம்லத் ஒரு கணம் சந்தேகப்பட்டாள்.

அன்று சாயங்காலம் கௌஸ் அந்த எண்ணை அழைத்தான். பதிவு செய்த பெண்குரல் ஒன்று, பயனாளரிடமே போனைக் கொடுக்கச் சொன்னது. ரம்லத் போனைக் காதில் வைத்துக்கொண்டு, கவனமாகக் கேட்பவள்போல முகத்தை வைத்துக்கொண்டாள். கௌஸ் போனின் பின்பக்கம் காதை ஒட்டிக் கேட்டான். 'நீங்கள் காது கேளாதவர் எனில் எண் ஒன்றை அழுத்தவும்' என்றது குரல். கௌஸ் ஒரு விரலைக் காட்ட, ரம்லத் அழுத்தினாள்.

குரல் சொன்னதைக் கேட்டுவிட்டு கௌஸ் போனை வாங்கி அணைத்தான்.

"என்னவாம்?"

"கேள்விய சரியா கேட்டு பதில் சொல்லிட்டியாம். அதனால ஒனக்குக் காது நல்லா கேக்குதாம். வாழ்த்துச் சொல்றாங்க."

ரம்லத் விடுகிறவள் இல்லை. திரும்பத் திரும்ப பிரிக்பீல்ட்ஸ் போய், அந்தக் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் தலைக்குமேல் டத்தோ யாருக்கோ மரக்கன்று கொடுத்துக்கொண்டிருந்தார். வருவோர் போவோரெல்லாம் அவளைப் பார்த்ததில் லோகேஸ்வரிக்குச் சங்கடமாகிவிட்டது. கணினியில் எதையோ தட்டினாள். "இந்தாங்க அக்கா, ஆட்டோமேட்டிக் எழுத்து ஆன் பண்ணிட்டேன். மெஷினே கேட்டு, மெஷினே எழுதிடும். உங்களுக்காக ஸ்பெஷலா."

இயந்திரம் கேட்டது. எழுதவும் செய்தது. டத்தோவின் மீசையை ஊடுருவி வந்த தமிழை அது எப்படி வாங்கிக்கொண்டதோ, 'உணவகங்களில் புலித் தொல்லை அதிகரித்து வருகிறது' என்று ஆரம்பித்தது. 'தோழியைக் குளிர்பெட்டியின் அடித்தட்டில் வைக்க வேண்டும்' என்றது. 'சமைக்கத் தொடங்கும் முன் நகைகளைக் கட்டிக்கொள்வது அவசியம்' என்றது. ரம்லத் தன் வெறுங்கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். எலி, கோழி, நகம் என்று அவளால் ஊகிக்க முடிந்தது. ஆனால் டத்தோவின் உயரிய கொள்கைகள் மூன்றும் 'உயர்ந்த கொள்ளைகள் மூன்று' என்று வந்தபோது, எது ஊகம் எது உண்மை என்று அவளுக்குக் குழம்பிவிட்டது. தேர்வில் அப்படியே எழுதினாள். இரண்டாவது வாய்ப்பும் போயிற்று.

ஆத்திரத்தோடு பிழைகளைப் படமெடுத்து லோகேஸ்வரிக்கு அனுப்பினாள். ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பினாள். எதற்கும் பதில் வரவில்லை. கடைசியில் ஒன்றை அனுப்பினாள். 'தலைமுடியை மூடிய பிறகே சமைக்க வேண்டும்' என்று டத்தோ சொன்னதை இயந்திரம் இப்படி எழுதியிருந்தது: 'தலைவரை மூடிய பிறகே சமைக்க வேண்டும்.'

அதற்கு உடனே பதில் வந்தது. அவசரக் கூட்டம்.

கூட்டத்தில் ரம்லத்தை 'பயனாளர் பிரதிநிதி' என்று அறிவித்து, எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பேசுவதை எழுதிக்காட்ட யாரும் இல்லை. நல்லவேளையாக கௌஸ் விடுப்புப் போட்டு வந்திருந்தான். அவளுக்கு எதிரே உட்கார்ந்து, நடப்பதைச் சத்தமில்லாமல் வாயசைத்துச் சொல்ல அனுமதி கிடைத்தது.

டத்தோ எழுந்தார். குரல் தழுதழுத்ததாக கௌஸ் பின்னாளில் சொன்னான்.

"இந்த இனத்துக்காக என் வாழ்நாளையே கொடுத்தவன் நான். என்னை மூட வேண்டும் என்று என் வீடியோவிலேயே, என் படத்துக்குக் கீழேயே எழுதியிருக்கிறார்கள். மெஷின் தப்புப் பண்ணியது என்கிறார்கள். ஏன் கோழியை மூடு என்று தப்புப் பண்ணவில்லை? ஏன் மேலாளரை மூடு என்று வரவில்லை? மெஷினுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள்?"

எல்லோரும் லோகேஸ்வரியைப் பார்த்தார்கள். லோகேஸ்வரி மேசையைப் பார்த்தாள்.

அடுத்து மொழி ஆலோசகர் பரமேஸ்வரன் பேசினார். ரம்லத் கேட்ட எழுத்துக்குத் தமிழில் என்ன பெயர் என்பதை முடிவுசெய்யாமல் எழுத்தைப் போடுவது அறிவுடைமை ஆகாது என்றார். 'அடியெழுத்து' என்ற சொல்லை அவரே முன்மொழிந்தார். டத்தோ புருவத்தை உயர்த்தினார்.

"நான் பேசுவது எப்படிய்யா அடியில் போகும்?"

"அப்படியானால் 'தலையெழுத்து' என்று வைத்துக்கொள்ளலாம் டத்தோ. மேலே போடலாம்."

மேலே போட்டால் டத்தோவின் நெற்றியை மறைக்கும் என்று ஒருவர் கண்டுபிடித்தார். நடுவில் போட்டால் மீசை. பக்கவாட்டில் போட்டால், பின்னணியில் இருக்கும் அறவாரியத்தின் சின்னம். விவாதம் சூடுபிடித்தது. ஆளாளுக்கு வாய் அசைந்தது. ரம்லத் கௌஸைப் பார்த்தாள்.

"இன்னும் ஒண்ணும் சொல்லல," என்று கௌஸ் வாயசைத்தான்.

தேநீர் வந்தது, போனது. மறுபடி பார்த்தாள்.

"இன்னும் இல்ல."

கடைசியில் டத்தோவே தீர்ப்புச் சொன்னார். "எழுத்தும் வேண்டும், என் முகமும் வேண்டும். இரண்டையும் ஏன் மோதவிட வேண்டும்? தனித்தனி வீடியோவாகப் போடுங்கள்." எல்லோரும் கைதட்டினார்கள். கௌஸ் மட்டும் அதை எப்படி வாயசைப்பது என்று தெரியாமல் விழித்தான்.

ரம்லத் கை தூக்கினாள். "ஐயா, நீங்க பேசுறத அப்பிடியே கீழ எழுதினா போதும். வேற ஒண்ணும் வேணாம்."

டத்தோ கருணையோடு சிரித்தார். "இதுதான், இதுதான் பயனாளரின் குரல். குறித்துக்கொள்ளுங்கள்." யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

புதிய வீடியோக்கள் வந்தபோது கடைக்குக் கொடுத்த அவகாசம் முடியும் தறுவாயில் இருந்தது. ஒரு வீடியோவில் டத்தோ பேசினார், எழுத்து இல்லை. இன்னொன்றில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடியது, டத்தோ இல்லை, ஸ்லைடும் இல்லை. ரம்லத் தன் கைப்பேசியில் ஒன்றையும் கௌஸின் கைப்பேசியில் மற்றதையும் வைத்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று இருவரும் ஒரே நேரத்தில் அழுத்தினார்கள். முதல் சில ஸ்லைடுகள் வரை இரண்டும் கைகோத்துப் போயின. அப்புறம் கௌஸின் கைப்பேசியில் ஒரு ஷாம்பு விளம்பரம் குறுக்கே வந்தது. அது முடிவதற்குள் இந்தப் பக்கம் டத்தோ கழிவறைச் சுத்தத்துக்குப் போய்விட்டார். கழிவறைப் படத்துக்கு நேராக, 'இதனை மெல்லிய தீயில் கிளறி, பொன்னிறமானதும் இறக்கவும்' என்று எழுத்து ஓடியது.

எழுத்தும் பரமேஸ்வரன் கைபட்ட எழுத்து. டத்தோவின் பெயரோடு சேர்ந்து வரத் தகாத சொற்களென்று எலி, கரப்பான், ஈ, வாந்தி, வயிற்றுப்போக்கு எல்லாவற்றையும் நீக்கியிருந்தார். 'உணவில் விரும்பத்தகாதது விழுந்தால், விரும்பத்தகாத விளைவுகள் ஏற்பட்டு, விரும்பத்தகாத இடத்திற்குச் செல்ல நேரிடும்' என்று இருந்தது. எந்த இடம் என்று ரம்லத்துக்குப் புரியவில்லை. மருத்துவமனையாக இருக்கும் என்றான் கௌஸ். கழிவறையாகவும் இருக்கலாம். தேர்வில் அந்தக் கேள்வி வந்தது. இரண்டில் ஒன்றைக் குத்துமதிப்பாகப் போட்டாள். அது மற்றதாக இருந்தது.

மூன்றாவது வாய்ப்பும் போனபின் கதவு பூட்டியதுபோலத் திரை சாம்பல் நிறமாயிற்று. சில நாளில் கடைக்கும் பூட்டு விழுந்தது. பக்கத்தில் மீ கோரேங் நூடுல்ஸ் விற்கிற கடைக்காரர் அவள் வாடிக்கையாளர்களைப் பார்த்துத் தலையாட்டிச் சிரித்து வரவேற்பதை, எதிர்வரிசையில் நின்று ரம்லத் பார்த்தாள். மாமியார் தினமும் ஏதோ சொன்னார். அவர் உதட்டை மட்டும் ரம்லத் படிக்கவில்லை. வீட்டில் சமைக்கும்போது பழக்கதோஷத்தில் முழு அண்டாச் சோறு வடித்துவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டே ஒரு மூச்சு அழுதாள்.

அந்தச் சமயத்தில் லோகேஸ்வரியிடமிருந்து செய்தி வந்தது. அறவாரியத்தின் 'அணுகல் வீடியோத் திட்டம்' பிரமாண்டமாகத் தொடங்கப்பட இருக்கிறது. முதல் பயனாளராக ரம்லத் மேடையேற வேண்டும். 'மேடையிலேயே டத்தோ பட்டன் அமுக்கி உங்க தேர்வ திறந்துவிடுவாரு அக்கா. கண்டிப்பா வாங்க.'

கடை திறக்கும் என்றால் ரம்லத் கோபுரத்தின் உச்சிக்குக்கூட ஏறியிருப்பாள். இருப்பதிலேயே நல்ல பாஜு குரோங் ஒன்றை உடுத்திக்கொண்டு போனாள்.

பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். மேடையில் பேச்சை உடனுக்குடன் எழுத்தாக்கிக் காட்டும் பெரிய திரை ஒன்று உண்மையிலேயே இருந்தது. அதன் முன்னால் 'எல்லோருக்கும் அணுகல்' என்று எழுதிய பதாகையைக் கட்டிவிட்டதால் திரை தெரியவில்லை. கௌஸ் முதல் வரிசையில் உட்கார்ந்து வாயசைக்கத் தயாரானான்.

டத்தோ பேசினார்:

"காது கேளாதவர்கள் என்று உலகத்தில் யாரும் இல்லை. நாம் சொல்வதைக் கேளாதவர்கள்தான் உண்டு. நான் முப்பது ஆண்டுகளாக மேடையில் பேசி வருகிறேன். இதுவரை என் பேச்சைக் காது கேளாதவர் ஒருவர்கூடக் குறை சொன்னதில்லை. குறை சொன்னவர்கள் எல்லோரும் காது கேட்பவர்களே. அப்படியானால் யாரிடம் குறை? சிந்தியுங்கள். இவர்களைப் போன்ற பொறுமையான சபை எனக்கு வேறு எங்கே கிடைக்கும்? இடையில் எழுந்து போவதில்லை, குறுக்கே கேள்வி கேட்பதில்லை. இந்தச் சமுதாயம் முழுவதும் இவர்களைப் போல ஆகும் நாளே என் கனவு."

கைதட்டல் ஓய்ந்ததும் ரம்லத்துக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஆள் உயரத்தில் ஓர் அட்டைச் சான்றிதழைக் கையில் கொடுத்தார்கள். அதுதான் உரிமத்துக்கான காகிதமோ என்று நினைத்தாள். திருப்பிப் பார்த்தாள். 'பாராட்டுச் சான்றிதழ்' என்று இருந்தது. உணவைப் பற்றி ஒன்றும் இல்லை. டத்தோ ஒரு சிவப்புப் பட்டனை அமுக்கினார். கூரையிலிருந்து வண்ணக் காகிதம் கொட்டிற்று. அவ்வளவுதான் அந்தப் பட்டனின் வேலை.

"தேர்வு?" என்றாள் ரம்லத், பக்கத்தில் நின்ற லோகேஸ்வரியிடம்.

"புது சிஸ்டம் அக்கா. பழைய ஃபெயில் எல்லாம் அதுல நிரந்தரமாயிடும். அத பிறகு பேசலாம். இப்ப ரெண்டு வார்த்த நன்றி சொல்லுங்க."

மைக்கை அவள் வாய்க்கு முன் நீட்டினார்கள். தன் குரல் எவ்வளவு உயரும் என்று ரம்லத்துக்குத் தெரியாது. அன்றைக்கு அது நன்றாகவே உயர்ந்தது.

"எனக்குக் காதுதான் கேக்காது. கண்ணு நல்லா தெரியும். இவங்க பேசுறத கீழ எழுதச் சொன்னேன். அது ஒண்ணுதான் கேட்டேன். போன் பண்ணிக் கேக்கச் சொன்னாங்க. கூட்டம் போட்டாங்க. எலிய புலியாக்கினாங்க, அப்பறம் புலியையும் காணாமப் பண்ணிட்டாங்க. இவங்க வீடியோவ நம்பி நான் மூணு வாட்டி ஃபெயிலு. என் கட பூட்டிக் கெடக்கு. இந்த அட்டைய வச்சு நான் என்ன பண்ண? சோத்துப் பானைய மூடவா? பொன்னாடை வேணாம். எழுத்துப் போடுங்க. எழுதத் தெரியாதுன்னா, தெரியாதுன்னு சொல்லிடுங்க."

மண்டபம் உறைந்துபோயிற்று. அது ரம்லத்துக்கும் தெரிந்தது. யாருடைய கையும் விசிறியை ஆட்டவில்லை. அப்போது டத்தோ எழுந்து, முகம் மலர, கைதட்ட ஆரம்பித்தார். அவர் தட்டியதும் எல்லோரும் தட்டினார்கள்.

அவள் கௌஸைப் பார்த்தாள். "தட்டுறாங்க," என்று வாயசைத்தான் கௌஸ். "ஏன்னு தெரியல."

அட்டைச் சான்றிதழ் ரயிலில் ஏறாது என்பதால் அதை மண்டப வாசலிலேயே சாய்த்து வைத்துவிட்டு வந்தார்கள்.

அடுத்த வாரம் கௌஸ் செலாயாங்கில் கத்தரிக்காய் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தபோது, சந்தைக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் இதே பயிற்சியை நடத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டான். அனுமதி பெற்ற இடம்தான், சான்றிதழும் அதேதான். ஆனால் வீடியோ கிடையாது, இணையம் கிடையாது, டத்தோ கிடையாது. ஜெயராஜ் என்ற ஒருவர் வெள்ளைப் பலகையும் மார்க்கர் பேனாவுமாக நின்றார். வகுப்பில் வங்காளதேசத்தார், நேப்பாளிகள், இந்தோனேசியர்கள் என்று கலந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் எல்லோருக்கும் பொதுவாகப் புரியும் மொழி எதுவும் ஜெயராஜுக்குத் தெரியாது. அதனால் எதையும் விளக்கிப் பேசாமல் எலியைப் படமாக வரைந்து அதன்மேல் ஒரு பெருக்கல் குறி போட்டார். நகத்தை வரைந்தார், கத்தரியை வரைந்தார். தலையை வரைந்து தொப்பி போட்டார். அவர் ஓவியத்தில் எலிக்கும் பூனைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றாலும், பெருக்கல் குறியில் சந்தேகமே இல்லை. ரம்லத் ஒரே காலையில் தேறினாள். வெளியே வந்து லோரியில் ஏறி உட்கார்ந்தவள் வீடு வரும்வரை வாய் ஓயாமல் பேசினாள். கௌஸ் கேட்டுக்கொண்டே ஓட்டினான்.

கடை திறந்தது. போன வாடிக்கையாளர்கள் திரும்பினார்கள். கதை இத்தோடு முடிந்திருக்கும், நுஸைபாவின் செய்தி வராமல் இருந்திருந்தால்.

நுஸைபா செலாயாங்கில் தையல் கடை வைத்திருப்பவள். அவளுக்கும் காது கேட்காது. இருவரும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருந்தார்கள். கிள்ளானிலிருந்து செலாயாங் வரை காது கேளாத பெண்கள் முப்பது நாற்பது பேர் அதில் இருந்தார்கள். நுஸைபா கோபமாக எழுதியிருந்தாள்: 'ஏன்டி, உன்ன அவ்வளவு பாடுபடுத்துனவங்களுக்கு மேடை ஏறி அழுது அழுது நன்றி சொல்லியிருக்கியே, வெக்கமா இல்ல?'

கூடவே அறவாரியம் ஏற்றியிருந்த தொடக்கவிழா வீடியோவும் இருந்தது. ரம்லத் அதைத் திறந்தாள். கீழே எழுத்து ஓடியது. தெளிவான எழுத்து, சரியான நேரத்தில் வந்தது. டத்தோ பேசியது ஒன்றுவிடாமல் இருந்தது. அடுத்து அவள் மைக்கைப் பிடித்தாள். வாய் வேகமாக அசைந்தது, கை ஆடியது, கழுத்து நரம்பு புடைத்தது. கீழே ஒரே ஒரு வரி, அவள் பேசி முடிக்கும்வரை மாறாமல் நின்றது:

'பயனாளர் மிகுந்த நெகிழ்ச்சியுடன் அறவாரியத்துக்கு நன்றி கூறுகிறார்.'

காது கேட்பவர்களுக்கு அவள் திட்டியது கேட்கும். கேட்காதவர்களுக்கு, யாருக்காக அவள் அத்தனை தூரம் அலைந்தாளோ அவர்களுக்கு, அவள் நன்றி சொல்லியிருக்கிறாள். ரம்லத் கரண்டியைக் கீழே வைத்தாள்.

சாயங்காலம் வியாபாரம் முடிந்ததும் கைப்பேசியைச் சம்பல் பானைமேல் சாய்த்து வைத்தாள். மேடையில் சொன்னதை மறுபடி ஒருதரம் நிதானமாகச் சொன்னாள். பிறகு உட்கார்ந்து, தான் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் அந்தந்த இடத்தில் தட்டிச் சேர்த்தாள். 'ஃபெயிலு' என்பதை ஃபெயிலு என்றே எழுதினாள். எழுத்து கொஞ்சம் பெரிதாகப் போய் அவள் தாடையை மறைத்தது. அவள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. குழுவில் போட்டாள். குழுவிலிருந்து அது தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலைகளுக்குப் போயிற்று, பிரிக்பீல்ட்ஸ் பூக்கடைகளுக்குப் போயிற்று, கடைசியில் அந்த மூன்றாவது மாடிக்கும் ஏறிற்று.

இரண்டொரு நாளில் லோகேஸ்வரி கடைக்கு வந்து நின்றாள். காலை நேரம், வரிசை நீளமாக இருந்தது. அவள் ஏதோ பேசத் தொடங்கினாள். ரம்லத் இலையை மடித்துக்கொண்டே தலையைக் குனிந்திருந்தாள். உதட்டைப் பார்க்காதவளிடம் என்ன பேசினாலும் ஒன்றுதான். லோகேஸ்வரி கையை ஆட்டிப் பார்த்தாள், தோளைத் தொட்டாள். பிறகு கைப்பேசியை எடுத்து, வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தட்டித் திரையை நீட்டினாள்.

"எழுத்து சின்னதா இருக்குலா மேடம்," என்றாள் ரம்லத்.

லோகேஸ்வரி எழுத்தைப் பெரிதாக்கினாள். வெயில் அடிக்காமல் ஒரு கையால் நிழல் பிடித்தாள். ரம்லத் படித்து முடிக்கும்வரை அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

'அக்கா, உங்கள் வீடியோவைத் தயவுசெய்து நீக்கிவிடுங்கள்.'

ஓர் எழுத்துப் பிழை இல்லை. சுற்றிவளைப்பு இல்லை. சொல்ல வந்தது முழுசாக, பார்க்க வேண்டியவளின் கண்ணுக்கு நேரே இருந்தது. மக்கள் மேன்மை அறவாரியம் காது கேளாத ஒருத்திக்காக ஒழுங்காக எழுதிக்காட்டிய முதல் வாக்கியம் அதுதான்.

"இப்ப நல்லா புரியுது மேடம். இவ்வளவுதான் வேல, பாத்தீங்களா?" என்றாள் ரம்லத். "வீடியோவ நீக்க மாட்டேன். முட்டை வைக்கவா, வேணாமா?"